கால் படாத தண்ணீர்

எங்கள் வீட்டில் தண்ணீர் கொட்ட இடம் இல்லை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மூன்று பாத்ரூம், இரண்டு சிங்க், பால்கனியில் ஒரு வடிகுழாய், இத்தனையும் உள்ள பிளாட்டில் தண்ணீர் கொட்ட இடமில்லையாம்! நான் சொல்வது பூஜைத் தண்ணீரை.

மலையாள தேசத்தில், ஸ்ரீவராகத்தில் எங்கள் பழைய வீடு இருந்தவரைக்கும் இந்தத் தலைவலி இருந்ததில்லை. காலையில் இவர், என் வீட்டுக்காரர், சாளக்கிராமத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு கரண்டிப் பாலும் அபிஷேகம் செய்வார். ஆளுக்கு ஒரு சின்ன உத்தரணிக் கரண்டி தீர்த்தம் குடித்தபின் மிச்சத்தை நான் கொல்லையில் அரளிச் செடியின் அடியில் ஊற்றிவிடுவேன். அது யார் காலிலும் படக் கூடாது, எச்சில் தண்ணீரோடு சேரக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் செய்த வேலை அது. பிறகு வீட்டை இடித்து அங்கேயே நாலு மாடி பிளாட் கட்டினார்கள். எங்களுக்கு இரண்டாம் மாடி கிடைத்தது. சாளக்கிராமமும் எங்களோடு லிஃப்டில் ஏறி வந்தது. கீழே பார்த்த இடமெல்லாம் சிமென்ட், மேலே மொட்டை மாடியில் எல்லாருடைய துணியும் காய்கிறது. சிங்கில் எச்சில் பாத்திரம் தேய்க்கிறோம். பாத்ரூமைப் பற்றிப் பேசவே வேண்டாம். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் பிளாட் முழுக்க நடந்த காலைகள் உண்டு.

அப்போதுதான் பெங்களூரில் இருக்கும் என் பெண், கிருஹப்பிரவேசத்துக்கு என்று ஆறு இன்டோர் செடிகள் அனுப்பினாள். மணிபிளான்ட் இரண்டு, பீஸ் லில்லி இரண்டு, கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும் பாம்புச் செடி இரண்டு. கூடவே ஒரு தாளில் எழுதியும் அனுப்பியிருந்தாள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட வேண்டும். ஈரம் ஒட்டினால் ஊற்றக் கூடாது. காய்ந்திருந்தால் அடியில் வடியும்வரை ஊற்றி, வடிந்ததை உடனே கொட்டிவிட வேண்டும். பாம்புச் செடிக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். ஒட்டிவிட்டு எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அப்பாடா, தண்ணீர் ஊற்ற இடம் கிடைத்துவிட்டது.

தினம் ஒரு சொம்பு. இன்றைக்கு இரண்டு செடி, நாளைக்கு இரண்டு செடி என்று முறை வைத்து ஊற்றினேன். ஊற்றிய தண்ணீர் தட்டில் வழிந்து தரைக்கு வந்தது. தரைக்கு வந்தால் மிதிபடுமே! சாலைக் கடைத்தெருவில் தேடி, அடியில் ஓட்டையே இல்லாத வெள்ளைப் பீங்கான் தொட்டிகள் ஆறு வாங்கி வந்தேன். செடி இருந்த பிளாஸ்டிக் தொட்டியை அப்படியே அதற்குள் இறக்கினேன். இனி ஒரு சொட்டு வெளியே வராது. ஹால் பார்க்க ஹோட்டல் லாபி மாதிரி ஆயிற்று. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். உள்ளே வடிந்து தேங்குவதைக் கொட்ட வேண்டும் என்று தாளில் எழுதியிருந்ததே என்றால், எங்கே கொட்டுவது? கொட்ட இடமில்லாமல்தானே இத்தனையும் செய்தேன்.

இலைகள் மஞ்சளாயின. பீஸ் லில்லி தலை தொங்கிற்று. பாவம், தாகம் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். நான் ஊற்ற ஊற்ற அது துவண்டது; துவளத் துவள நான் ஊற்றினேன்.

அந்த வருஷம் பெண் தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்தாள். சீமந்தம் முடிந்த கையோடு ஏழாம் மாதம் அழைத்து வந்தோம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டான கர்ப்பம். நடுவில் இரண்டு தங்கவில்லை. இந்த முறை எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர அந்த மாதங்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. பப்பாளியைத் தெருவுக்குள் யார் கொண்டு வந்தாலும் முறைத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். பக்கத்திலிருக்கும் கிழக்கேகோட்டை வரைக்கும்கூட ஆட்டோவில் போகவிடவில்லை, ரோடு குலுக்கும் என்று. அவளுக்குப் பச்சையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது பிடிக்கும் என்பதற்காக, ஆறில் இரண்டு செடிகளை அவள் அறைக்கே மாற்றினேன். ஒன்றைக் கட்டில் தலைமாட்டில் வைத்தேன். நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

வந்த அன்றே அவள் லில்லியின் மண்ணில் விரலை விட்டாள். விட்ட விரலை மூக்கருகே கொண்டுபோய் முகம் சுளித்தாள்.

“அம்மா, இது மண்ணா சேறா? என்ன நாத்தம் இது!”

“வாடறதுடி. தண்ணி போறலை.”

“போறலையா? தண்ணியிலேயே நிக்கறதும்மா. தாகமானாலும் வாடும், தண்ணி ஜாஸ்தியானாலும் வாடும். வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதுக்குத்தான் விரலை விட்டுப் பாருன்னு எழுதினேன். வேர் மூச்சு முட்டிண்டிருக்கு.”

“சரிடி தாயே, இனிமே ஊத்தலை. போறுமா?”

மறுநாள் காலை இவர் பூஜையை முடித்துச் சொம்பை நீட்டினார். நான் என்ன செய்வேன்? அவள் எழுந்திருக்க எட்டு மணியாகும். அதற்குள் ஊற்றிவிட்டு, ஈரம் தெரியாமல் மேலே கூழாங்கல் பரப்பி வைத்தேன். அவள் பார்த்தால் திட்டுவாளே என்ற பயம்தான். வேறு பயம் எனக்கு அப்போது வரவில்லை.

கொசுவுக்கு நான் பயப்படாதவள் அல்ல. அந்த மழைக்காலத்தில் தெருவில் இரண்டு வீட்டில் டெங்கு வந்திருந்தது. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை. புதர் மண்டி, நடுவில் மூடாத பாழ்க்கிணறு ஒன்று. சாயங்காலம் ஐந்தடித்தால் ஜன்னல் முழுவதும் சாத்திவிடுவேன். சாம்பிராணி போடுவேன். அவள் கட்டிலுக்கு வலை கட்டினேன். காலையில் அவள் வலையை விலக்கிவிட்டு உட்கார்ந்து லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்ப்பாள். அப்போது குனிந்து குனிந்து கணுக்காலைச் சொறிவாள்.

“பகல்ல என்னம்மா இப்படிக் கடிக்கறது?”

“எறும்பா இருக்கும்டி. பகல்ல ஏது கொசு?”

ஒருநாள் ஒன்றை அவளே அடித்துக் காட்டினாள். கறுப்பாக, காலில் வெள்ளை வெள்ளையாக வரிகள். கிணற்றிலிருந்து வந்திருக்கிறது என்று சொல்லி, பகலிலும் ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய ஜன்னலுக்கு உள்பக்கம் எது இருக்கிறது என்று யார் நினைத்தார்கள்?

வார்டு சுகாதாரப் பணியாளர் எங்கள் தெருவுக்குப் புதியவள் அல்ல. மலையாளிப் பெண். நாற்பது வயதிருக்கும். தோளில் பை, கையில் ரிஜிஸ்டர். எங்கள் தெரு முழுக்கத் தமிழ் மாமிகள் என்பதால் இரண்டையும் கலந்து ஒரு பாஷை பேசுவாள். அவள் அன்று எங்கள் மணியை அடித்தபோது வீட்டில் என் மாமனார் தெவசம். நான் மடிசார் கட்டி, ஈரத் தலையோடு, அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். சாஸ்திரிகள் சாப்பிட்டு எழும்வரை வெளி ஆள் யாரும் உள்ளே வரக் கூடாது.

கதவைச் சாண் அளவு திறந்து நின்றேன்.

“மாமி, மோள் பிரசவத்துக்கு வந்திருக்குன்னு கேட்டேன். இந்த லைன்ல ரெண்டு டெங்கி கேஸ் ஆச்சு. உள்ள செடி வல்லதும் உண்டோ? சட்டிக்கு அடியில வெள்ளம், தண்ணி கெட்டி நிக்கறதான்னு ஒண்ணு நோக்கிட்டுப் போகாம். ரெண்டே மினிட்.”

“செடியா? எங்காத்துல செடியே கிடையாது” என்றேன்.

“ஃப்ரிட்ஜுக்குப் பின்னால ட்ரேயில—”

“எல்லாம் நான் தினம் துடைக்கறேன். இன்னிக்கு ஆத்துல விசேஷம். அந்தப் பின்பக்கக் கிணத்தைப் போய்ப் பாருங்கோ. அங்கதான் இருக்கு எல்லாம்.”

அவள் ரிஜிஸ்டரில் ஏதோ எழுதிக்கொண்டு மேல்மாடிக்குப் படியேறினாள். தெவசம் என்பது எனக்கு வசதியாக அமைந்த காரணம்தான். மற்ற நாளாக இருந்தாலும் நான் அவளைப் பூஜை அலமாரி இருக்கும் ஹாலுக்குள் விட்டிருக்க மாட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இதை எழுதி என்ன பிரயோஜனம்?

அறைக்குள்ளிருந்து பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. “ஆறு செடியை வெச்சுண்டு செடியே இல்லேங்கறியே. சரியான கள்ளிம்மா நீ.”

“போடி. யார் யாரையோ உள்ள விட முடியுமா?” என்று நானும் சிரித்தேன்.

ஒன்பதாம் மாதம் தொடங்கிய மூன்றாம் நாள் அவளுக்கு ஜுரம் வந்தது. தலை வெடிக்கிறது, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். ஒரு நாள் முழுக்க அந்தக் கஷாயத்தில் போயிற்று. மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே சேர்க்கச் சொன்னார்கள். டெங்கு. பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தன. இந்த நிலையில் வலி எடுத்தால் ரத்தம் நிற்காது, முடிந்தவரை தள்ளிப் போடப் பார்க்கிறோம் என்றார் டாக்டர் அம்மா. தள்ளிப் போடுவது யார் கையில் இருக்கிறது? நாலாம் நாள் காலை லேசாக வலி தொடங்கி, பிறகு நின்றது. நின்றதற்கு சந்தோஷப்படுவதா, திரும்ப வருமே என்று நடுங்குவதா என்று தெரியாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். இவர் பெஞ்சில் ரத்தம் கொடுக்க வந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு இருந்தார். என்னை வீட்டுக்குப் போய் அவளுக்கு மாற்றுத்துணி எடுத்து வரச் சொன்னார்.

நல்ல வெயில் நேரம். அவள் அறையில் கட்டில் விரிப்புகூட மாற்றாமல் கிடந்தது. அலமாரிக் கதவு திறக்க லில்லித் தொட்டி இடித்தது. நகர்த்தலாம் என்று செடியைப் பிடித்துத் தூக்கினேன். உள்தொட்டி மட்டும் சளக் என்று மேலே வந்தது. வெள்ளைப் பீங்கானுக்குள் நாலு விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர். புளித்த பால் நாற்றம். செல்போன் டார்ச்சை அடித்தேன்.

தண்ணீர் அசைந்தது. முதலில் நான் தூக்கியதால் அசைகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால், மயிரிழைத் துண்டுகளாகக் கறுப்பாக நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. என் நிழல் பட்டதும் எல்லாம் ஒரே சமயத்தில் நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்தன. தொட்டி விளிம்பில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது, காலில் வெள்ளை வரியோடு. அதை அடிக்கக்கூட எனக்குக் கை எழவில்லை. என் பெண்ணின் தலையணைக்கும் அந்தத் தொட்டிக்கும் நடுவே ஒரு முழ தூரம்தான் இருந்தது.

ஆறு தொட்டியையும் தூக்கிப் பார்த்தேன். ஐந்தில் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப்போய் கக்கூஸில் கவிழ்த்து ஃப்ளஷ் செய்தேன். யார் காலிலும் படக் கூடாது என்று நான் பொத்திப் பொத்தி வைத்த தண்ணீர் அது. கவிழ்த்து முடித்து, செடிகளைத் திரும்ப அதனதன் இடத்தில் வைத்து, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். துணி எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

வராந்தாவில் இவர் மடியில் ஒரு தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். மாநகராட்சிக்கு மனு, பின்பக்க மனையின் கிணற்றைப் பற்றி. “இந்தக் கெணத்தாலதான் என் பொண்ணு இப்படிக் கெடக்கறா. விடமாட்டேன்” என்றார். கண்கள் சிவந்திருந்தன.

அங்கே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா? “கொசு கூட்டம் கூட்டமா வரதுன்னும் சேத்து எழுதுங்கோ” என்றேன்.

அன்று மத்தியானம் வலி நிஜமாகவே வந்தது. பை பையாகத் தட்டணு ஏற்றினார்கள். பெண் குழந்தை பிறந்தது. ஒரு கைக்குள் அடங்கும் அளவு. தாயிடமிருந்து அதற்கும் ஜுரம் ஒட்டியிருந்தது. பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, நல்ல வேளையாகப் பிழைத்தது. என் பெண்ணும் பிழைத்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மா எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: “இது ஒரு தடவை வந்தால் போயிற்று என்று நினைக்காதீர்கள். வேறு வகை வைரஸால் இரண்டாம் தடவை வந்தால் இதைவிட மோசமாகப் போகலாம். தாய்க்கும்தான், குழந்தைக்கும்தான். கொசு இருக்கும் இடத்தில் இவர்களை வைக்காதீர்கள்.” மாப்பிள்ளை வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டார். பிரசவித்த பெண் பிறந்த வீட்டு வாசலை மிதிக்காமல் போனாள். நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றினாள், “கெணறு இருக்கற வரைக்கும் பயமா இருக்கும்மா. உன் மேல என்ன தப்பு?” என்று.

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஆறு மாதம் குடித்தனம் நடத்தினேன்.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதை அடியோடு நிறுத்தினேன். மணிபிளான்டும் லில்லியும் காய்ந்து போயின. பாம்புச் செடிகள் இரண்டு மட்டும் எதற்கும் அசையாமல் நின்றன. இவரிடம், இனி சாளக்கிராமத்துக்கு நாலு உத்தரணித் தண்ணீர் போதும், ஆளுக்கு இரண்டாகக் குடித்துவிடலாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொம்பு தூக்கக் கை வலிக்கிறது என்றேன். ஒரு சொட்டு மிஞ்சாமல் தீர்ந்தது. இத்தனை சுலபமாக முடிகிற விஷயத்துக்கா நான் அத்தனை பாடுபட்டேன்?

இவருடைய மனு அலைந்து திரிந்து கடைசியில் பலித்தது. ஆட்கள் வந்து புதரை வெட்டி, கிணற்றை மண் கொட்டி மூடினார்கள். தெருவே இவரைப் பாராட்டிற்று. இவர் அதைப் போட்டோ எடுத்துப் பெண்ணுக்கு அனுப்பினார். அன்று சாயங்காலமே அவள் போன் செய்தாள்.

“அம்மா, கெணறு போச்சே! இனிமே பயமில்லை. பாப்பாவுக்கு சோறூட்டை நம்ம கோயில்லேயே வெச்சுக்கலாம்னு இருக்கேன். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் வரேன். அவ உன்னைப் பாக்கணுமோன்னோ.”

“வாடி கண்ணா” என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. வீடு சுத்தமாகத்தானே இருக்கிறது, தொட்டியெல்லாம் எப்போதோ கவிழ்த்தாயிற்றே, இனி சொல்லி அவள் மனதையும் புண்ணாக்குவானேன் என்று எனக்கு நானே நியாயம் வைத்துக்கொண்டேன். குழந்தையைக் கையில் வாங்கும் ஆசை. அதுதான் உண்மை.

காய்ந்த தொட்டிகளைப் பார்த்து அவள் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று புதிதாக நாலு செடி வாங்கினேன். அதே வெள்ளைத் தொட்டிகளில் இறக்கினேன். இந்த முறை ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த தாளை வரி விடாமல் படித்தேன். விரலைக் கணுக்கணுவாக மண்ணில் விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. வெறும் குழாய்த் தண்ணீரை, அடியில் வடியும்வரை, ஒரே ஒரு தடவை ஊற்றினேன். கொஞ்சம் வடிந்திருக்கும். ஒரு விரல்கடைகூட இராது, தானே காய்ந்துவிடும் என்று விட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு செடிக்கு ஒழுங்காகத் தண்ணீர் விட்டேன் என்ற திருப்தி எனக்கு.

பத்து நாள் கழித்து, காலை ரயிலில் அவள் வந்து இறங்கினாள். ஹாலில் பாயை விரித்துக் குழந்தையைக் குப்புறப் போட்டாள். அது தலையைத் தூக்கி, பாம்புச் செடியைப் பார்த்துப் பொக்கைச் சிரிப்புச் சிரித்தது. நான் அதன் பாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். பத்து மணி இருக்கும், மணி அடித்தது. அதே சுகாதாரப் பணியாளர். கையில் அதே ரிஜிஸ்டர்.

நான் கதவை விரியத் திறந்தேன். “வாங்கோ வாங்கோ, உள்ள வந்து நன்னாப் பாருங்கோ” என்றேன். போன தடவை செய்ததற்கு இப்படியாவது ஈடு கட்டலாம் என்று இருந்தது. எல்லாம் சுத்தம் என்ற தைரியமும் இருந்தது.

அவள் முதலில் குழந்தையைப் பார்த்து, “அய்யோ, சுந்தரிக்குட்டி!” என்றாள். பிறகு ஃப்ரிட்ஜின் பின்னால் பார்த்தாள். பிறகு பாய்க்குப் பக்கத்தில் இருந்த செடியை லாகவமாகத் தூக்கி, வெள்ளைத் தொட்டிக்குள் டார்ச் அடித்தாள்.

“மாமி, இதோ கூத்தாடி, கொசுப்புழு” என்றாள், சத்தம் உயர்த்தாமல்.

எனக்கு அந்த நெளிவை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“பத்து நாளைக்கு முன்னதான் ஊத்தினேன். ஒரே தடவை. அதுக்குள்ள எப்படி?”

“ஊத்தின வெள்ளம் அல்ல மாமி காரணம். கொசு முட்டையை சட்டியோட சுவர்ல ஒட்டி வெக்கும். வெள்ளம் கொட்டினா போராது, பிரஷ் போட்டு உரைச்சுத் தேய்ச்சுக் கழுகணும். காஞ்சு உணங்கிக் கிடந்தாலும் மாசக்கணக்கா சாகாது. பின்ன வெள்ளம் பட்டா போதும், விரியும். கொஞ்சம் கொசு இப்பவே பறந்தும் போயிருக்கும்.” ரிஜிஸ்டரைப் புரட்டினாள். “முன்ன வந்தப்போ செடி இல்லேன்னு எழுதியிருக்கே. இதெல்லாம் இப்ப வாங்கினதா?”

“செடி இப்ப வாங்கினது. தொட்டி பழசு. அன்னிக்கு ஆறு செடி இருந்தது. நான் பொய் சொன்னேன்.”

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். என் பெண் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“அம்மா. அப்பவும் இதுல இருந்ததா?”

எனக்கென்னடி தெரியும், தூக்கியே பார்த்ததில்லையே என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் நம்பியும் இருப்பாள். சமையலறை வாசலில் இவர் கரண்டியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருந்தது” என்றேன்.

“நீ பாத்தியா?”

“பாத்தேன். நீ ஆஸ்பத்திரியில இருக்கறச்சே துணி எடுக்க வந்தேனே, அன்னிக்கு. கொட்டிட்டு, யார்கிட்டயும் சொல்லலை.”

இவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“கெணறு கெணறுன்னியேம்மா” என்றாள். “அதை மூடியாச்சுன்னுதானே குழந்தையைத் தூக்கிண்டு வந்தேன்.”

“போயிடுடி” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. “இங்க ஒரு நிமிஷம் இருக்காதே. நீயும் இருக்கப்படாது, அவளும் இருக்கப்படாது. டாக்டர் என்ன சொன்னா, ஞாபகமிருக்கோல்லியோ? இப்பவே எடுத்துண்டு போ.”

பிரிக்காத பையை நானே தூக்கிக்கொண்டு போய் லிஃப்ட் வாசலில் வைத்தேன். எட்டு வருஷம் காத்திருந்து பெற்ற பேத்தியை இரண்டு மணி நேரம் வைத்துக் கொஞ்சிவிட்டு, நானே வெளியே அனுப்பினேன். லிஃப்ட் வரும்வரை குழந்தை அவள் இடுப்பிலிருந்து என் பக்கம் கையை நீட்டிற்று. நான் வாங்கவில்லை. காலில் சாக்ஸ் நழுவியிருந்ததை மட்டும் இழுத்து விடப் போனேன். கணுக்காலில் சின்னதாக, சிவப்பாக, ஒரு தடிப்பு இருந்தது. புதிது.

மூடிவிட்டிருக்கலாம். சாக்ஸை இழுத்துவிட்டால் தெரியாது. பெங்களூர் போய் அவளே பார்த்திருப்பாள், அல்லது பார்த்திருக்க மாட்டாள்.

“கடிச்சிருக்குடி” என்று சொல்லி அந்த இடத்தைக் காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். லிஃப்ட் வந்தது. மத்தியான விமானத்தில் இருவரும் போய்விட்டார்கள். சோறூட்டுக்கு ஊற வைத்த அரிசி அடுப்படியில் அப்படியே இருந்தது. சுகாதாரப் பணியாளர்தான் இருந்து, எனக்கு பிரஷ் போட்டுத் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவக் காட்டிக் கொடுத்தாள். ஒவ்வொரு தொட்டியாக வெயிலில் கவிழ்த்தோம். பிறகு அவள் ஹாலில், பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் குடித்தாள். இவர் என்னோடு பேசுவது அன்றோடு நின்றது.

கடிபட்ட நாளிலிருந்து பதினாலு நாள் ஜுரம் பார்க்க வேண்டும் என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறாராம். தினமும் காலை ஏழு மணிக்கு என் போனுக்கு ஒரு படம் வருகிறது. தெர்மாமீட்டர் படம். கூட ஒரு வார்த்தை இராது. நானும் பதில் எழுதுவதில்லை. எண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், இவரிடம் நீட்டுகிறேன், அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் பூஜைக்கு உட்காருகிறார்.

இன்று ஒன்பதாம் நாள். படம் வந்துவிட்டது, ஜுரம் இல்லை. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.